ஏரித் தண்ணீர் தோட்டத்து வாசலோடு நின்றது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் நம் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1906இல் குராவ் ஆற்றை மறித்துக் கட்டியது, மலேசியாவின் மிகப் பழைய செயற்கை ஏரிகளில் ஒன்று, ஏரிக்குக் குறுக்கே ரயில் போகிறது, கெலிசா மீன், ஓராங் ஊத்தான் தீவு, எல்லாம் சரி. கிரியான் மாவட்டத்தில் 20,000 எக்டருக்கும் மேற்பட்ட நெல் வயல் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது என்பதும் சரி. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தோட்டத்து ஜனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பாகான் செராய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா முப்பது வருஷம் அந்தத் தோட்டத்து பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர். விட்டுப்போன வரியை நானாவது எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கிரியான் கடலோரத் தாழ்நிலம். கடல் பக்கம் கிணறு தோண்டினால் தண்ணீர் உப்புக் கரிக்கும். உள்ளே தள்ளி வந்தால் இலையும் வேரும் மட்கிய கறுப்பு மண்; அதில் ஊறும் தண்ணீர் கோப்பி நிறத்தில் இருக்கும், நாக்கில் வைத்தால் லேசாகப் புளிக்கும். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. இந்த மண்ணுக்குத்தான் நம்மவர்களைச் சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக, கொண்டுவந்து இறக்கினார்கள். ரப்பருக்கு முன்னால் இங்கே கரும்பு. கூலா தோட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கூலா என்றால் மலாயில் சீனி. கரும்புக்காகப் பாரிட், அதாவது கால்வாய், வெட்டியவர்கள் அந்தப் பாரிட் தண்ணீரையே குடித்தார்கள், அதிலேயே குளித்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக ஆட்களைக் கொண்டுபோனது சீதபேதியும் காலராவும்தான். பாட்டி தன் மாமியார் வழியாகக் கேட்ட கதைகளைச் சொல்லும்போது, செத்தவர்களைப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டார். "அந்த வருஷம் போனவங்க" என்று வருஷத்தைத்தான் சொல்வார்.

புக்கிட் மேரா வாய்க்கால் வந்த பிறகு கொஞ்சம் விடிந்தது. வயலுக்கென்று ஓடிய தண்ணீர்தான் வாய்க்கால் கரையில் இருந்தவர்களின் குடத்திலும் விழுந்தது. 1910இல் சஞ்சி முறை ஒழிந்தது. 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், வேலைக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டியவர் தோட்ட நிர்வாகியான துரை. ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது அரசாங்கம், தோட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது கம்பெனி என்று அன்றைக்குப் பிரிந்ததுதான். எழுபது, எண்பது வருஷம் கழித்தும் அந்தக் கோடு அழியவில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பத்து வீட்டுக்கு ஒரு பைப். காலையில் நாலரைக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகிற வீட்டு வாளிக்குத்தான் முதலிடம். பிள்ளை பெற்ற வீடு இருந்தால் அதற்கும் முன்னால் அவர்கள். யாரும் எழுதி வைக்காத வழக்கம், யாரும் மீறியும் நான் பார்த்ததில்லை. ஆள் நிற்க முடியாவிட்டால் வாளிக்குள் ஒரு கல்லைப் போட்டு வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். பைப் வாயில் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை கட்டிய வெள்ளைத் துணி புதன்கிழமைக்குள் தேயிலைச் சக்கை மாதிரி ஆகிவிடும். முடிந்த மட்டும் குடிக்கவும் சாமிக்கு வைக்கவும் மழைத் தண்ணீர்தான், தகரக் கூரையிலிருந்து டோங் என்ற பெரிய பீப்பாயில் பிடித்தது.

அந்த பைப்புக்குப் பின்னால் இருந்தவர் அப்பா. வாய்க்காலின் ஒரு கிளை எங்கள் தோட்ட எல்லையில் ஓடியது. அதிலிருந்து பம்ப் போட்டுச் சிமெண்டுத் தொட்டிக்கு ஏற்றுவார். முதலில் சுண்ணாம்பு, அப்புறம்தான் படிகாரம். முறை மாறக்கூடாது. கறுப்பு மண் தண்ணீரில் புளிப்பு இருக்கிறதல்லவா, அதைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காவிட்டால் படிகாரம் அழுக்கைப் பிடிக்காது. பால் டின்னால் அளந்து போட்டு, நீளமான மூங்கிலால் சுற்றிச் சுற்றிக் கலக்குவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததைத்தான் லயத்துக்குத் திறந்துவிடுவார். மழை பெய்த மறுநாள் ஒரு டின் கூடுதல், வெயில் காலத்தில் அரை டின் குறைவு. போத்தலில் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கும் என் முகம் அதில் தெரிந்தால் சரி. தோட்டத்தில் அறுநூறு பேர் இருந்த காலம் அது. வயிற்றுப்போக்கு என்று ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். அவருடைய வேலைக்குச் சம்பளச் செக்ரோலில் இருந்த பெயர் 'பொது வேலை'. வாட்டர் வேர்க்ஸ் என்று ஊருக்குள் ஒரு பெரிய இலாகா செய்த வேலையைத்தான் அவர் தனியாளாகச் செய்துகொண்டிருந்தார்.

1948இல் தொடங்கிய கம்யூனிஸ்டுச் சண்டையின் அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்தார்கள். வாய்க்காலுக்குக் குடம் கொண்டு போய் மொண்டு வர முடியாது என்பதால் வேலிக்குள்ளேயே பைப் வந்தது என்று அப்பா சொல்வார். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு பைப் வந்ததே சண்டையால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, முக்கியமாக 1970களில், கிராமப்புறத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுபோக அரசாங்கம் நிறையவே செய்தது. எங்கள் தோட்ட வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்துக்கும், அதாவது மலாய்க் கிராமத்துக்கும், வந்தது. ரோட்டோரம் குழி வெட்டி இரும்புக் குழாய் புதைத்த அன்று நாங்கள் பிள்ளைகள் எல்லாம் போய் வேடிக்கை பார்த்தோம். நம் பக்கமும் வெட்டுவார்கள் என்று காத்திருந்தோம். வெட்டவில்லை. தோட்டம் தனியார் நிலம், கிராமத் திட்டம் உள்ளே நுழையாது என்றார் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மீட்டர். இந்தப் பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு பைப். நடுவில் இருந்தது இருபதடி ரோடு.

தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டங்களுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றது. அதற்குள்ளாகவே எங்கள் தோட்டத்துக்கும் ஊர்க் குழாய் வந்துவிட்டது; பம்ப் ஹவுஸைப் பூட்டினார்கள். ஆனால் வந்தது வாசலில் ஒரே ஒரு பெரிய மீட்டர். அதற்குப் பின்னால் இருந்த வீடுகள் அத்தனையும் அந்த மீட்டரின் கணக்கில், மீட்டர் கம்பெனியின் பெயரில். வேலை இருக்கும்வரை தண்ணீர் இருக்கும். ஓய்வு பெற்றவர், மகன் டவுனுக்குப் போய்விட்ட கிழவி, கணவனை இழந்தவள், இவர்களெல்லாம் யாருடைய தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய நாள் பிறகு வந்தது. தோட்டம் கைமாறியது, ஆபீஸை மூடினார்கள், பில் நின்றது, தண்ணீரும் நின்றது. அப்போது லயத்தில் மிச்சமிருந்தது பதினான்கு வீடு. என் பெரியம்மா அதில் ஒன்றில் இருந்தார். பதினோரு நாள் தண்ணீர் இல்லை. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் "உங்கள் பெயரில் கணக்கே இல்லையே" என்ற பதில்தான். எதிர்க் கம்பத்து மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் தன் வீட்டுக் குழாயில் பச்சை ரப்பர் ஹோஸை மாட்டி, கார் ஏறி நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பலகை போட்டு, ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இழுத்துக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. பெரியம்மா தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முதல் டின்னை அவர் வீட்டுக்குத்தான் அனுப்பினார், கண்ணை மூடும் வரைக்கும்.

பழங்கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கிரியானின் தண்ணீர்க் கணக்கை இப்போது மறுபடி போடுகிறார்கள். அந்த ஏரி ஒருபோக நெல்லுக்காகக் கட்டியது. இன்று இருபோகம், டவுன்கள், புதுத் தாமான்கள் என்ற குடியிருப்புகள், எல்லாவற்றுக்கும் அதே ஏரி. மழை தவறினால் ஏரி இறங்கிவிடுகிறது, குழாயில் நூல் மாதிரி வருகிறது. கிரியானில் பசுமைத் தொழிற்பூங்கா வரப்போகிறது என்கிறார்கள். பேராக் ஆற்றுத் தண்ணீரை வடக்கே கொண்டுவரும் திட்டமும் பேசப்படுகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் என்று எண்ணும்போது மீட்டரை எண்ணினால், பெரிய மீட்டருக்குப் பின்னால் இருக்கிற வீடுகள் மறுபடியும் ஒன்றாகத்தான் விழும். வீட்டை எண்ண வேண்டும், ஆளை எண்ண வேண்டும். வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லயத்து வீட்டுக்குச் சொந்தப் பெயரில் மீட்டர் கொடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களும் நம் கட்சிக்காரர்களும் தோட்டத்துக்கு வரும்போது கோயிலுக்கு மானியம் கொடுக்கிறார்கள், சந்தோஷம். அடுத்த தடவை வாசலில் இருக்கிற அந்த மீட்டரையும் ஒரு எட்டு வந்து பார்க்கட்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். புக்கிட் மேராவைப் பற்றி இன்னொரு கட்டுரை போடுங்கள். கிரியான் தோட்டங்களில் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர்கள், வாளி வரிசையில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அப்பாவின் கணக்கு நோட்டு இரண்டு என்னிடம் இருக்கிறது. எந்த நாளில் எத்தனை டின் சுண்ணாம்பு, எத்தனை டின் படிகாரம், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். பூச்சி அரித்த பக்கங்களைத் தவிர மற்றவை படிக்க முடிகிறது. நிருபர் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாகான் செராய், பேராக்