நான்கு ஒயர் என்றால் உசத்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒரே கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் இரண்டு வகை டிரான்ஸ்மிட்டர்கள் (அளவை மின் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவிகள்) வந்து சேர்கின்றன. தொட்டி மட்டத்துக்கும் ஆர்.ஓ. (உப்பை வடிகட்டும் சவ்வு) பிரஷருக்கும் இரண்டு ஒயர். மின்காந்த ஃப்ளோ மீட்டருக்குப் பெரும்பாலும் நான்கு ஒயர். ஆர்டர் போடும்போது எது என்று எழுதாமல் விடுவதால்தான் பாதிக் கோளாறு வருகிறது.

நான்கு ஒயர் உசத்தி, இரண்டு ஒயர் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் தருவது அதே 4–20 மில்லி ஆம்பியர்தான்: 4 என்றால் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு. கரண்டை யார் தள்ளுகிறார் என்பதே வித்தியாசம். இரண்டு ஒயர் கருவி பேனலின் 24 வோல்ட்டிலிருந்து வரும் கரண்டை அளவுக்கேற்பக் கட்டுப்படுத்தும். தானும் அதிலேயே, 4 மில்லி ஆம்பியருக்குள், பிழைத்துக்கொள்ளும். 12 வோல்ட் என்று வைத்தால் 50 மில்லி வாட்கூட இல்லை. பிரஷர் சென்சாருக்கு அது போதும். ஃப்ளோ மீட்டரின் காயிலுக்குப் பொதுவாகச் சில வாட்டாவது வேண்டும். அதனால் அதற்குத் தனி சப்ளை, சிக்னலையும் பெரும்பாலும் அதுவே தள்ளும்.

24 வோல்ட் தரும்படி அமைத்த பி.எல்.சி. (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) சேனலில் இந்த நான்கு ஒயர் சிக்னலைக் கொடுத்தால் இரண்டு சப்ளைகள் முட்டிக்கொள்ளும். ரீடிங் உச்சத்திலோ பூஜ்யத்திலோ நிற்கும். சேனலே எரியவும் கூடும். பல ஆலைகளில் இன்னும் ஓடும் சீமென்ஸ் எஸ்7-300 பி.எல்.சி.யில், சிக்னலை வாங்கும் அனலாக் கார்டுகள் சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டை இருக்கும். அதில் 'சி' என்றால் நான்கு ஒயர், 'டி' என்றால் இரண்டு ஒயர். எட்டு சேனல் கார்டில் ஒரு கட்டைக்கு இரண்டு சேனல், எனவே அந்த ஜோடியில் இரு வகையையும் கலக்க முடியாது.

இரண்டு ஒயரில் பதுங்கியிருக்கும் கோளாறு வேறு. பி.எல்.சி.க்கு 250 ஓம், அதே லூப்பில் (கரண்ட் சுற்றி வரும் பாதையில்) ரெக்கார்டருக்கு இன்னொரு 250 ஓம், நடுவில் 4 வோல்ட் எடுக்கும் இண்டிகேட்டர், டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் என்று வையுங்கள். 24-இல் மிஞ்சுவது 8 வோல்ட். 500 ஓமில் அது 16 மில்லி ஆம்பியருக்கு மேல் தள்ளாது. தொட்டி முக்கால் வரை ஒழுங்காகக் காட்டும். அப்புறம் நிரம்பி வழிந்தாலும் 75 சதவீதத்திலேயே நிற்கும். டிரான்ஸ்மிட்டரை மாற்றிப் பயனில்லை, லூப்பின் சுமையைக் குறைக்க வேண்டும்.

ஒயரை இணைக்கும் முன் ஒரு சோதனை போதும். கருவி ஓடட்டும், சிக்னல் ஒயரை இரு முனையிலும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து கார்டு டெர்மினலையும் டிரான்ஸ்மிட்டர் அவுட்புட்டையும் தனித்தனியே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வோல்ட் வந்தால் சரி. இரண்டிலும் வந்தால் இணைக்கக் கூடாது. இரண்டிலும் இல்லையென்றால் நடுவில் 24 வோல்ட் சப்ளை சேர்க்க வேண்டும்: சப்ளை பிளஸ் டிரான்ஸ்மிட்டர் பிளஸுக்கு, டிரான்ஸ்மிட்டர் மைனஸ் கார்டு பிளஸுக்கு, கார்டு மைனஸ் சப்ளை மைனஸுக்கு. மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தபடி சப்ளையைத் தொட்டால் அதன் ஃபியூஸ் போய்விடும்.

புரோகிராம் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒயர் அறுந்தாலோ ஃப்ளோ மீட்டரின் சப்ளை போனாலோ லூப்பில் 0 மில்லி ஆம்பியர். கணக்கில் அது மைனஸ் 25 சதவீதம். அதைப் பூஜ்யம் என்று திருத்திக் காட்டினால், நீர் ஓடவில்லையா, மீட்டர் செத்ததா என்று யாருக்கும் தெரியாது. 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் அலாரம் வையுங்கள்.

ஆலை நிர்வாகங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் மூன்று விவரம் சேர்க்கட்டும்: எத்தனை ஒயர், சிக்னலுக்கு சப்ளை யார், லூப்பில் மொத்தம் எத்தனை ஓம். 230 வோல்ட் ஒயரும் சிக்னல் ஒயரும் தனித்தனி கிளாண்டில் (ஒயர் நுழையும் துளையில்) நுழைய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன்,
திருப்பூர்