கோளாறு காதிலா, கதவிலா?

தர்மபுரி,
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரன் பிறந்த சேதியைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, கார் ஜன்னல் இறங்காத கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல! பேரனைப் பார்க்க நாங்கள் இருவரும் ஆவணியில் வருகிறோம்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. என் வலது காது போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

வாராவாரம் கிருஷ்ணகிரிக்கு மகள் வீட்டுக்குப் போய் வருகிறோம் அல்லவா? (நாம் படித்த காலத்தில் அதுவும் தர்மபுரி மாவட்டம்தான், 2004இல் பிரித்த பிறகும் எனக்கு ஒரே ஊர்தான்.) வழியெல்லாம் பழைய பாட்டு ஓடும். திடீரென்று ஒரு பாட்டில் வயலின் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தபலா மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இவள், "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்கிறாள். காது டாக்டரிடம் டோக்கன்கூடப் போட்டுவிட்டேன்.

காவேரிப்பட்டணம் தாண்டி மாம்பழம் வாங்க ஓரமாக நிறுத்தினேன். இறங்காமலே என் பக்கக் கதவைப் பாதி திறந்து, செந்தூராவை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், காலடியில் இருந்து வயலின் பாய்ந்து வருகிறது! கதவைச் சாத்தினேன், நின்றது. திறந்தேன், வந்தது. கடைக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, ஸ்பீக்கர்தான் போச்சு என்று ஒரு கடையில் விட்டேன். 2,200 ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர் மாட்டினார்கள். இரண்டு நாள் பாடியது, மூன்றாம் நாள் பழைய கதை. மாட்டும்போது ஒயரை இழுத்து ஆட்டியதில், எங்கேயோ விட்டுப்போயிருந்த இணைப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். கதவை ஆட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஹாஸ்டலில் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவன் நான்!

அப்புறம் நானே உட்கார்ந்தேன். ஸ்டீரியோவில் சத்தத்தை இடம், வலம் என்று பிரிக்கும் பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் திருப்பிப் பாட்டைப் போட்டால் முன்னால் சத்தமே இல்லை, பின் கதவு மட்டும் பாடியது. கதவு அட்டையைக் கழற்றி ஸ்பீக்கர் முனையில் மின்தடை அளக்க மல்டிமீட்டரை வைத்தால் 3.6 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான கணக்கு. ஆக ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து டேஷ்போர்டில் இருந்து ஸ்டீரியோவை உருவி, அந்தக் கதவுக்குப் போகும் இரண்டு ஒயரை மட்டும் பிடித்து அளந்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கதவை மெதுவாக ஆட்டச் சொன்னேன். திறந்தால் 4 ஓம், சாத்தினால் மீட்டரில் வெறும் 1. அது ஒரு ஓம் இல்லை, அளவுக்குள் அடங்கவில்லை என்று என் மீட்டர் காட்டும் அடையாளம். அதாவது இணைப்பே இல்லை.

கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கருப்பு ரப்பர் குழாய் இருக்கும் பார், கோளாறு அதற்குள்ளேதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடினாலும், பதினோரு வருட வண்டியில் 40,000 தடவை அந்த ஒயர் மடங்கி நிமிர்ந்திருக்கும். வெளித்தோல் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒன்று மட்டும் சூயிங்கம் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்துவிட்டது, தோல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அங்கேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும், அந்த இடம் விறைத்துப்போய், அதன் ஓரத்தில் மறுபடி அறும். அதனால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயரில் ஒரு முழம் வெட்டி, ஒரு ஒட்டைக் கதவுக்குள்ளும் இன்னொன்றை டேஷ்போர்டு பக்கமும் தள்ளி வைத்தேன். மடங்குகிற இடத்தில் ஒட்டே இல்லை. ஒட்டின் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். ஒரு மதியம் போனது. முதுகு இன்னும் வலிக்கிறது.

உன் ஜன்னல் விஷயத்துக்கு வருகிறேன். கதவை ஓங்கிச் சாத்தினால் மட்டும் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். மோட்டாரை மாற்றச் சொன்னவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். அந்த ஒயரும் இதே ரப்பருக்குள்தான் போகிறது. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தியபடியே ரப்பரைக் கையால் வளைத்துப் பார். கண்ணாடி அசைந்தால் எதையும் வாங்காதே, நான் வரும்போது ஈயம் பற்றவைக்கும் கோலையும் மீட்டரையும் எடுத்து வருகிறேன்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரைப் பலகைப் பெட்டியில் அடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். காலையில் தர்மபுரி வானொலி அதில்தான் பாடுகிறது. இவள் மாம்பழப் பெட்டி ஒன்று தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் போடுகிறேன். டோக்கனை ரத்து செய்தாயிற்று.

உன்,
ரேடியோ