சிலந்தியையும் சேர்த்துக் கொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சோழவந்தான் பக்கம் தென்கரையில் எனக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். போன போகத்தில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டதும் பதறிப்போய்க் கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். புழு போனது. அப்புறம் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்து பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளை நானே கொன்றிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த முறை முதல் நாற்பது நாள் மருந்தே தொடவில்லை. வரப்பில் தட்டைப்பயறு போட்டேன். அதில் அசுவினிப் பூச்சி அப்பியதைப் பார்த்து வீட்டில் திட்டு. அந்த அசுவினியைத் தேடித்தான், பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு வருகிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்! சிலந்திகள் தங்கட்டும் என்று வயலுக்குள் அங்கங்கே வைக்கோல் பிரி போட்டு வைத்தேன். ஒருநாள் காலையில் ஒன்றைப் புரட்டினால், முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஒரு ஓநாய்ச் சிலந்தி ஓடியது. அப்படியே மூடிவிட்டேன்.

டிரைக்கோகிரம்மா என்ற குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டைதான் சிக்கல். அந்தக் குளவி கடுகைவிடச் சிறியது; புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழித்துவிடும். ஆனால் குளவி வெளிவருவதற்குள் அட்டையை இலையின் அடியில் கட்டியாக வேண்டும். பஸ்ஸில் வெயிலில் கொண்டுவந்தால் வீண். நடவு முடிந்த மாதத்தில் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியோ வேளாண்மைத் துறையோ அட்டையைக் கிராமத்துக்கே கொண்டுவந்து கொடுத்தால் காசு கொடுத்து வாங்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தென்கரை, மதுரை மாவட்டம்.