செகண்ட் ஷை

யாழ்ப்பாணம்
ஜூன் 2025

அன்பின் வதனி,

போன கிழமை நீ ஃபோனில் "பெட்டைக்கு என்ன மாதிரி?" என்று கேட்டபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். அதுதான் கதையை மாத்திவிட்டேன்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் ஏப்ரல் கடைசியில் வந்தது. பயோவுக்கு பி, கெமிஸ்ரிக்கு சி, பிசிக்ஸுக்கு எஸ், வெறும் சாதாரண சித்தி. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. விடிய எழும்பிக் குசினிக்குள் வந்து, "அம்மா, நான் செகண்ட் ஷை எடுக்கப்போறன்" என்றாள். இரண்டாம் தரமும் சோதனை எழுதப்போகிறாளாம். நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே நின்றேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு விருப்பமில்லை.

எங்கள் காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். நாலு பாடம், 400க்கு மொத்தப் புள்ளி. கூட்டிப் பார்த்தால் நிலைமை விளங்கிவிடும். இப்போது மூன்று பாடம். 2001இலிருந்து இசட் புள்ளி, மற்றப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் போடுவது. பேப்பர் எல்லாருக்கும் சுகமாக இருந்துவிட்டால் இவள் எடுக்கிற 70க்கும் பெறுமதி குறைந்துவிடும். பிசிக்ஸை மட்டும் திரும்ப எழுதி அந்த எஸ்ஸைத் திருத்தவும் வழியில்லை. மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் எழுதிச் சித்தியடைய வேண்டும். பழைய பி-யையும் புதிய ஏ-யையும் ஒட்டவைக்க முடியாது. மெடிசினுக்குள்ள இடங்களில் 40 வீதம் முழு இலங்கைக்கும் பொது, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடுதான் முட்டுப்பட வேண்டும். "அப்பவே கிளிநொச்சியில வீடு எடுத்திருக்கலாம்" என்று இவர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1994இல் நான் இரண்டாம் தரம் எடுத்ததை நினைத்துப் பார்க்கிறேன். உனக்கு முதல் தரத்திலேயே கம்பஸ் கிடைத்துவிட்டது. உன்னுடைய விலங்கியல் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாய். ஜாம்போத்தல் விளக்கின் புகை மூக்கில் கறுப்பாகப் படியப் படிய அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! பிழையும் அங்கேதான். தெரிந்ததையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பௌதிகவியல் கணக்குகளைத் தொடவே பயம். அதைவிட, சந்திக்கடையடியில் "இந்த முறையும் சோதனையோ பிள்ளை?" என்று கேட்பார்கள் என்று பயந்து, சைக்கிளைப் பின் ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு போவேன். சோதனையைவிட அந்த ஒரு வருசம்தான் என்னைத் தின்றது. அதனால்தான் அவளை மறிக்கப் பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் பழைய வருசப் பேப்பர் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து, பிசிக்ஸ் முதலாம் பகுதியைச் செய்யச் சொன்னேன். 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். 17ஆம் கேள்வியில் பத்து நிமிசம் நின்றுவிட்டாள். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக மனமில்லை. கடைசிப் பன்னிரண்டையும் வாசிக்கக்கூட நேரம் போதவில்லை. வாசித்திருந்தால் குறைந்தது எட்டுச் சரியாக வந்திருக்கும், எல்லாம் தெரிந்த கேள்விகள். போன முறை சோதனை தொடங்கி இரண்டாம் நாளோடு வெள்ளம் வந்து, டிசம்பர் 4ஆந்திகதி வரைக்கும் நிற்பாட்டி வைத்ததுதான் காரணம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம். அந்த வெள்ளம் எல்லாப் பிள்ளைகளுக்கும்தானே வந்தது.

அதற்குப் பிறகுதான் சரி என்றேன். நவம்பர் 10 சோதனை. இந்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தி. ரியூசனில் ஒரு வகுப்பைக் குறைத்துவிட்டோம். கிழமைக்கு இரண்டு பேப்பர், மணிக்கூட்டோடு. நேற்று 46 கேள்வி முடித்தாள். மூன்றாம் தரம் என்ற கதையை வீட்டில் எடுப்பதில்லை என்று இவரிடமும் சொல்லிவிட்டேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே? வந்தால் அவளிடம் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காதே, எடி. உன் கொப்பி இப்போது அவளுடைய மேசையில்தான் கிடக்கிறது. பாடத்திட்டம் மாறிவிட்டது, அதனால் பிரயோசனமில்லை. ஆனால் நீ கீறின தவளைப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதைப் பற்றி வேண்டுமானால் கேள்.

அன்புடன்,
சாந்தி