கடையில் வாங்கிய ரோபோவில் பிள்ளையின் கைவேலை எங்கே?

கொழும்புப் பாடசாலைக் கண்காட்சிகளில் கைப்பணிப் பிரிவுக்கு நடுவர்களாக இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன தவணை என் மகள் ஒரு கண்காட்சி மேசையில் தன் ரோபோவை வைத்தாள். மடித்தால் லொறி, விரித்தால் ஆளாக எழுந்து நிற்கும் விளையாட்டுச் சாமான். நடுவர் ஒருவர் வந்தார், அதைக் கையில் எடுக்கவில்லை. "இது கடையில வாங்கினதுதானே பிள்ளை, நீர் செய்தது எங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தப் பாடசாலையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அந்த லொறியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. புறக்கோட்டையில் அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்த ரோபோ அது, பெட்டியில் கம்பெனிப் பெயர்கூட இல்லை. ஒரு கை தோளில் நிற்காது, தூக்கிவிட்டால் உடனே விழும். தலை அசையாது. புதிதாக இன்னொன்று வாங்கும் நிலையில் அன்றைக்கு நாங்கள் இல்லை. என் அப்பா செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்தவர். கண் மங்கியதால் வேலையை விட்டுவிட்டார், ஆனால் அவருடைய பொடி அரங்கள், சாவணம், மெல்லிய வாள், விரலால் உருட்டும் சின்னத் துறப்பணம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த டின்னைத் திறந்து, "கொண்டா பார்ப்பம்" என்றார். தொடக்கம் அதுதான்.

முதல் பாடம் ஸ்க்ரூ. இந்தச் சாமான்களில் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கையே வெட்டிக்கொண்டு இறங்கித் தனக்கு மரை போட்டுக்கொள்ளும். கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது சும்மா முறுக்கினால் பழைய மரைக்கு மேல் புது மரை வெட்டும். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் துளை தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்காது. அதனால் முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் 'டிக்' என்று ஸ்க்ரூ கொஞ்சம் கீழே விழும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்துதான் இறுக்க வேண்டும். என் மகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டிக்'கைப் பிடிப்பாள்.

அடுத்தது தோள். பந்தும் கிண்ணமுமாக இருக்கிற மூட்டு, பந்து தேய்ந்திருந்தது. நிறமில்லாத நகப் பூச்சை மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, முழுதாகக் காயவிட்டு, பிறகு மாட்டினோம். போதவில்லை. மேலும் இரண்டு பூச்சு. இந்த வேலையில் பொறுமைதான் பாதி. ஈரத்தோடு கிண்ணத்தில் போட்டால் மூட்டு ஒட்டிப்போகும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணப் பொம்மையில் எங்கே எதை ஒட்டினாலும் அது பொம்மையாகவே நிற்கும். உருமாறும் ரோபோ அப்படியல்ல. அதன் ஒவ்வொரு துண்டும் இரண்டு வேலை பார்க்கிறது. அவளுடைய ரோபோவின் முன்கை லொறியில் பக்கச் சுவராகிவிடும். அந்த முன்கை பின்பக்கம் வெறும் குழியாக இருந்தது. குழியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு களியைப் பிசைந்து சேர்க்கிற எபொக்ஸி பூசி அடைத்தாள். ரோபோவாக நின்றபோது மிக அழகாக இருந்தது. லொறியாக மடிக்கப் போனால் கை உள்ளே போகவில்லை! அந்தக் குழிக்குள்தான் முழங்கால் வந்து உட்கார வேண்டியிருந்திருக்கிறது. முன்கையைக் குழியாக விட்டது காசை மிச்சம்பிடிக்க மட்டுமல்ல, முழங்காலுக்கு இடம் விடவும்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே விளங்கியது.

அவள் அழுதாள். அப்பா ஒரு மார்க்கர் பேனையைக் கொண்டுவரச் சொன்னார். அடைத்த பகுதி முழுக்க மை பூசி, காய்வதற்குள் மெல்ல மடித்து, திரும்ப விரித்துப் பார்க்கச் சொன்னார். எங்கே மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. திரும்ப மை, திரும்ப மடிப்பு. கண்ணால் அளக்க முடியாத அளவை மை காட்டிக் கொடுக்கும். இப்படி நான்கு மாலைகள் போயின. கடைசியில் கை உள்ளே போய் உட்கார்ந்த சத்தத்தை அடுக்களையில் நின்ற நானே கேட்டேன். அடைத்த மேற்பரப்பில் இன்றைக்கும் முழங்காலின் அச்சு ஒரு பள்ளமாக இருக்கிறது. நடுவர் கையில் எடுத்துத் திருப்பியிருந்தால் அதைத்தான் முதலில் கண்டிருப்பார்.

கழுத்தை மெல்லிய வாளால் அறுத்து, வேறொரு உடைந்த சாமானிலிருந்து எடுத்த பந்து மூட்டை வைத்தோம். அதில் இன்னொரு படிப்பினை கிடைத்தது. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், அதில் சுப்பர் குளூ நன்றாகப் பிடிக்கும். மூட்டுகளுக்குப் பல இடங்களில் பொம் என்ற வழுக்குகிற பிளாஸ்டிக்கைப் போடுவார்கள், அதில் சாதாரணப் பசை எதுவும் ஒழுங்காக நிற்காது. ஒட்டினோம், விழுந்தது. திரும்ப ஒட்டினோம், திரும்ப விழுந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் துளைத்து உள்ளே ஒரு கம்பித் துண்டை இறக்கினோம். மெஷின் துறப்பணம் இருந்தால் நிமிடத்தில் முடியும் என்று நினைப்பீர்கள். அது வேகமாகச் சுற்றும்போது வரும் சூட்டிலேயே பிளாஸ்டிக் இளகி அலகில் சுற்றிக்கொள்ளும். ஏபிஎஸ் ஏறத்தாழ 105 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். விரலால் உருட்டும்போது சூடு ஏறாது. துளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் விரலுக்குத் தெரியும்.

சாண்ட் பேப்பரில் கரடான 400 இல் தொடங்கி 600, நைசான 1000 என்று ஏறுவது, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, உரசும் இடங்களில் பெயின்ட் படாமல் விடுவது, இவையெல்லாம் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சரி, "கடையில் வாங்கினது" என்ற கேள்விக்கு வருகிறேன். ட்ரான்ஸ்போமர்ஸ் என்ற பெயரில் உலகமே அறிந்த பொம்மைகள் 1984 இல் வந்தன. அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ அவற்றை முதலிலிருந்து செய்யவில்லை. ஜப்பானில் டகாரா கம்பெனி டயக்ளோன், மைக்ரோமேன் என்ற வரிசைகளில் ஏற்கனவே விற்றுக்கொண்டிருந்த ரோபோக்களை எடுத்தார்கள். டயக்ளோனில் ரோபோவுக்குள் உட்கார்ந்து ஓட்டுவதற்குக் குட்டி மனிதர்கள் இருந்தார்கள். ஹஸ்ப்ரோ அவர்களை எடுத்துவிட்டு, ரோபோவுக்கே உயிரும் பெயரும் கொடுத்தது. பலவற்றின் நிறத்தையும் மாற்றியது. இருந்ததை எடுத்து வேறாக்கியதில்தான் அந்தப் பெயரே பிறந்தது. அதைப் படைப்பு என்று ஏற்கிறோம். ஒரு பிள்ளை அரத்தோடு உட்கார்ந்து அதையே செய்தால் ஏன் கடைச் சாமான் ஆகிறது? பஞ்சிகாவத்தையில் பழைய வாகனத்தின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்துகிறவரை நாம் தொழிலாளி என்கிறோம். பழைய சங்கிலியை உருக்காமல் வெட்டி வளையலாக்கித் தருகிறவரை என் அப்பாவின் தெருவில் நல்ல கை என்பார்கள்.

தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறோம். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. அந்தத் திசையில் போகப்போகிற பிள்ளையைக் கண்காட்சி மேசையிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. திருத்தி மாற்றிய சாமான்களுக்கும் கைப்பணிப் பிரிவில் இடம் கொடுங்கள். ஏமாற்று நடக்கும் என்று பயந்தால், மாற்றுவதற்கு முன் எடுத்த படத்தையும் வெட்டி எடுத்த துண்டுகளையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் முன்னாலேயே பிள்ளை அதை உருமாற்றிக் காட்டட்டும். தூக்கிய கை தூக்கியபடி நிற்கிறதா, மடிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெளிறிப் போயிருக்கிறதா, மூடிய பிறகு இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். வெளிறிய கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பலவந்தம் நடந்திருக்கிறது, அதற்குப் புள்ளியைக் குறையுங்கள். கடுமையாகவே பாருங்கள், அது பிள்ளைக்கு மரியாதை.

கத்தியும் சுப்பர் குளூவும் பாடசாலைக்குள் வேண்டாம் என்று சில அதிபர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். விரலை வெட்டிக்கொண்ட நாள் எங்கள் வீட்டிலும் உண்டு. கத்தியை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுப்பது, கண்ணாடி போடுவது, பசை வேலையை ஜன்னல் பக்கம் செய்வது என்று அப்பா மூன்று சட்டம் வைத்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் டின்னைத் திறக்கக் கூடாது என்பது நான் சேர்த்தது. பாடசாலையிலும் இதே சட்டங்களோடு கிழமைக்கு ஒரு மணி நேரம், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் நடத்தலாம். அரமும் சாண்ட் பேப்பரும் மட்டும் வைத்தே தொடங்கலாம்.

அடுத்த கண்காட்சிக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் கொடுக்கச் சொல்லவில்லை, அவளாகவே கொடுத்தாள். லொறியோடு, அறுத்து எடுத்த பழைய கழுத்தையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய மேசைக்கு வரும் ஆசிரியர் யாராக இருந்தாலும், தயவுசெய்து அந்த ரோபோவைக் கையில் எடுங்கள். இடது முன்கையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்