கட்டர் பிளாக்கைக் கழற்றிய அன்று

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்குப் பின் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று பெரியவரிடம் நீ குறைபட்டுக்கொண்டது என் காதுக்கும் வந்தது. நேரில் வரும்போது ஆசைதீரத் திட்டிக்கொள். இப்போது உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது.

பட்டறையில் மரம் சீவும் பிளேனர் இயந்திரத்தில் எட்டு மாதத்தில் மூன்றாம் முறையாகப் பேரிங் போய்விட்டது. முதல் இரண்டு முறையும் போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டையிட்டேன். இம்முறை மூன்று பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் உருளையான கட்டர் பிளாக்கையே கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். பேரிங் உட்காரும் இடத்தில், அதன் சுழல்தண்டான ஷாஃப்டின்மேல் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. துடைத்துவிட்டு நகத்தால் வருடினால், ஓரத்தில் நகம் இடறியது. பேரிங்கின் உள்வளையம் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கி நடுங்கி, எஃகை எஃகே அரைத்திருக்கிறது.

காரணம் பிளேடுகள்தான். சாணை பிடித்தபின் மூன்றையும் நான் எடை பார்த்ததே இல்லை. தராசில் வைத்தபோது ஒன்று மற்ற இரண்டையும்விட 10 கிராம் குறைவாக இருந்தது. பத்து கிராம்தானே என்பாய். ஆனால் நிமிடத்துக்கு 4500 சுற்று ஓடும்போது, மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளியிருக்கும் அந்த வித்தியாசம், ஏறத்தாழ 11 கிலோ எடை தொங்குவதுபோல ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறது. வேகம் இரட்டித்தால் அந்த இழுப்பு நான்கு மடங்காகிவிடும்.

பலகை முன்பே சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மரம் போனால், மூன்று பிளேடும் சமமாகச் சீவும்போது, பிளேடு பலகையில் விட்டுச்செல்லும் அலைத்தடம் முக்கால் மி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் விழ வேண்டும். எங்கள் பலகையில் 2 மி.மீ.க்கு ஒன்றாக, சுற்றுக்கு ஒரே தடமாக விழுந்திருந்தது. அதாவது துருத்திக்கொண்டிருந்த ஒரே பிளேடு எல்லா அடியையும் வாங்கியிருக்கிறது. போதாததற்குத் தேக்கிலுள்ள சிலிக்கா முனையை மழுக்கிவிட, அது மரத்தைச் சீவாமல் இடித்திருக்கிறது. பேரிங்கின்மேல் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்று படித்தபோது, நாம் அதை வெறும் கணக்காகத்தானே எழுதினோம்!

என்னை உறங்கவிடாதது வேறொன்று. அதே பிளேடை இறுக்கும் போல்ட்டுகளில் இரண்டு, அதிர்வில் தளர்ந்து விரலாலேயே சுழன்றன. அந்த இயந்திரத்தின் முன்னால் தினமும் நிற்பவன் ஆசாரியின் மகன்.

ஷாஃப்டை வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். வெல்டிங் வைத்துக் கடைய வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும்; தேய்ந்த இடத்தின்மேல் உறைபோல ஸ்லீவ் போட முடியுமா என்று அளந்து பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்