2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காபறோவை மையமாகக் கொண்டு இயங்கும் எமது தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய இவ்வறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஒன்ராறியோவில் ஒருவர் பிடித்து வைத்திருக்கக்கூடிய மீன்களின் எண்ணிக்கை பற்றி அங்கத்தவரிடையே நிலவும் குழப்பத்தைத் தீர்க்க ஆவன செய்யுமாறு கடந்த பொதுக்கூட்டம் என்னைப் பணித்திருந்தது. ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பணியிலேயே கழிந்தது. ஆகவே இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

பணியைத் தொடங்கியபோது, மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ஒழுங்குவிதிச் சுருக்கத்திலுள்ள எண்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றே எண்ணியிருந்தேன். இரண்டு பயணங்களிலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது. எண்களை எமது அங்கத்தவர் பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கையிலிருக்கும் மீன் எதுவென்பதில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். ஊரில் கடலிலும் குளத்திலும் பழகிய பெயர்களை இங்குள்ள மீன்களுக்குச் சூட்டி அழைப்பது எமக்கெல்லாம் இயல்பாகிவிட்டது. பல்லுள்ள நீண்ட மீன் சீலா. மினுங்கும் கண்ணுள்ள மீன் கொடுவா. சேற்றுநிறத்தில் உருண்டு திரண்டது விரால். பாம்புபோல நெளிவது விலாங்கு. இப்படி அழைப்பதில் ஓர் இனிமை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசின் அட்டவணையில் சீலாவுக்கு ஒரு வரியும் இல்லை.

மே மாதத்தின் பிற்பகுதியில் கவார்த்தா ஏரிகளுள் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது நடந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கத்தவர் ஒருவர் கை நீளத்துக்கும் கூடிய "சீலா" ஒன்றைப் பிடித்து, பைக் மீன் என்ற நம்பிக்கையில், வைத்திருக்க ஆயத்தமானார். அந்த ஏரிகள் அடங்கும் 17 ஆம் மீன்வள முகாமை வலயத்தில் பைக் மீனை ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். முழு அனுமதிப்பத்திரம் (Sport) உடையவர் 6, குறைந்த எண்ணிக்கைக்கான அனுமதிப்பத்திரம் (Conservation) உடையவர் 2 வைத்திருக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்தது பைக்கின் பெரிய உறவினமான மஸ்கி. மஸ்கிக்கான பருவம் ஜூன் மாதம் முதற் சனிக்கிழமைதான் திறக்கிறது. திறந்த பின்னரும் முழு அனுமதிப்பத்திரத்துக்கு ஒன்று மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் மட்டுமே வைத்திருக்கலாம். குறைந்த அனுமதிப்பத்திரம் உடையவருக்கு ஒன்றுகூட இல்லை. நல்ல வேளையாக எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் மீனைத் தண்ணீரிலேயே பிடித்தபடி கீழ்த்தாடையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பைக் மீனுக்கு அங்கே ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து அல்லது அதற்குக் குறைவான சிறு துளைகளே இருக்கும். மஸ்கிக்கு ஆறு முதல் ஒன்பது வரை இருக்கும். அந்த மீனில் ஒரு பக்கத்தில் ஏழு இருந்தன. உடனே அது விடுவிக்கப்பட்டது.

துளைகளை எண்ணுமளவுக்கு மீன் அமைதியாக இராது என்று சிலர் முறையிட்டதால், தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய அடையாளங்களையும் அடுத்த கூட்டத்தில் விளக்கினோம். பைக் மீனின் உடல் கருமையானது, அதன்மேல் வெளிர்நிறப் புள்ளிகள் இருக்கும். மஸ்கியில் வெளிர்நிற உடலின்மேல் கரும் புள்ளிகளோ பட்டைகளோ இருக்கும். பைக்கின் வால் நுனிகள் வட்டமாகவும் மஸ்கியினுடையவை கூராகவும் இருக்கும். கவார்த்தாவில் மஸ்கியே பூர்வீக மீன் என்பதும், பைக் பின்னர் வந்து பரவிக்கொண்டிருப்பது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

விரால் விடயத்தில் தவறு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. உயிருள்ள விராலை வைத்திருப்பதும் கொண்டுவருவதும் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளன. அது இங்கு வந்து பெருகினால் உள்ளூர் மீன்களுக்குக் கேடு என்பதே காரணம். இதைக் கேள்விப்பட்டிருந்த அங்கத்தவர் ஒருவர், களைகள் மண்டிய குடாவொன்றில் தூண்டிலில் சிக்கிய மீனை விரால் என்று கருதி, நாட்டுக்கு நன்மை செய்வதாக நினைத்து அடித்துக் கொன்றுவிட்டார். அது போஃபின் என்னும் மீன். இந்நாட்டுக்கே உரியது, மிகப் பழைய மீன்குடும்பம் ஒன்றில் எஞ்சி நிற்பது. இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு நீளமாக ஓடுவதால் ஏமாந்துவிடுகிறோம். மீனைப் புரட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்: விராலின் குதத்துடுப்பு நீளமானது, போஃபினுடையது குட்டையானது, விராலின் வயிற்றுத்துடுப்புகள் செவுளுக்கு அண்மையில் இருக்கும், போஃபினுடையவை வயிற்றின் நடுப்பகுதியில் இருக்கும். ஆண் போஃபினின் வாலடியில் கண்போன்ற கரும்பொட்டு ஒன்றும் உண்டு. அந்த அங்கத்தவர் மிகுந்த வருத்தத்துடன் தாமே இதைச் சபையில் எடுத்துரைத்தார். அவரது நேர்மைக்கு நன்றி.

விலாங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க விலாங்கு ஒன்ராறியோவில் அருகிவரும் இனம். அதைப் பிடித்து வைத்திருக்க எந்தப் பருவத்திலும் அனுமதியில்லை. லேக் ஸ்டர்ஜன் மீனுக்கும் அதே நிலைதான். குளிர்காலத்தில் பனித்துளையில் அகப்படும் பர்பொட் என்னும் மீனை எம்மவர் சிலர் விலாங்கு என்று அழைக்கின்றனர். பர்பொட்டின் தாடையில் ஒற்றை மீசையும் முதுகில் இரண்டு துடுப்புகளும் இருக்கும். விலாங்குக்கு மீசையில்லை, துடுப்பு முதுகிலிருந்து வாலைச் சுற்றி வயிறுவரை ஒன்றாகவே ஓடும்.

எமது சமையலறைகளில் மிகவும் விரும்பப்படுவது "கொடுவா" எனப்படும் வோல்ஐ மீன். இதை இங்குள்ள கடைக்காரரும் படகுக்காரரும் பிக்கரல் என்கிறார்கள். அரசின் சுருக்கமோ வோல்ஐ என்கிறது. பிக்கரல் என்ற பெயருக்கு உண்மையில் உரிய மீன் பைக்கின் சிறிய உறவினர் என்பதால், கேள்விப்பட்ட பெயரை வைத்து அட்டவணையைத் தேடிய புதிய அங்கத்தவர்கள் வேறொரு வரியை வாசித்துவிட்டார்கள். முதல் முதுகுத் துடுப்பின் பின்னடியில் கரும்பொட்டும், வாலின் கீழ்நுனியில் வெள்ளையும் தெரிந்தால் அது வோல்ஐ. துடுப்பில் வரிசைவரிசையாகப் புள்ளிகள் இருந்து வாலில் வெள்ளை இல்லாவிட்டால் அது அதன் உறவினமான சோகர்.

ஒரே மீனுக்கு நீர்நிலைக்கு ஏற்ப விதி எவ்வளவு மாறுகிறது என்பதை விளக்க வோல்ஐயை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 17 ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ளவற்றை மட்டுமே வைத்திருக்கலாம். முழு அனுமதிப்பத்திரத்துக்கு 4, குறைந்ததற்கு 1. சிறியதையும் விடவேண்டும், பெரியதையும் விடவேண்டும் என்பது எம்மவருக்கு முதலில் விளங்கவில்லை. பெரிய பெண்மீன்களே அதிக முட்டையிடுபவை என்று சொன்னபோது விளங்கியது. குவின்ரி குடா உள்ளிட்ட ஒன்ராறியோ ஏரி 20 ஆம் வலயம். அங்கே முழு அனுமதிப்பத்திரத்துக்கு 4, ஆனால் 63 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. எமக்கு மிக அண்மையிலுள்ள ஸ்கூகொக் ஏரியிலோ, 17 ஆம் வலயத்துக்குள் இருந்தும், 2016 ஆம் ஆண்டு முதல் வோல்ஐ பிடிப்பது ஆண்டு முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. வலய அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு அதன் கீழேயுள்ள விதிவிலக்குப் பட்டியலைப் பாராதவர்கள் அங்கே தவறிழைக்க நேரிடும்.

ஜூலை மாதக் குடும்ப மீன்பிடி வாரத்தில் எமது ஒன்றுகூடல் நடைபெற்றது. அந்நாட்களில் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதிப்பத்திரமின்றி மீன்பிடிக்கலாம் என்ற அறிவித்தலை நானே எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். அவர்கள் குறைந்த அனுமதிப்பத்திரத்தின் எண்ணிக்கைக்கே கட்டுப்படவேண்டும் என்ற வரியை அதில் சேர்க்கத் தவறியது என் பிழை. விளைவாக, விருந்தினராக வந்த உறவினர் சிலர் பெரியவாய் பாஸ், சிறியவாய் பாஸ் இரண்டும் சேர்த்து ஆறு வரை வைத்திருக்கலாம் என்று நினைத்திருந்தனர். அவர்களுக்கு உரியது இரண்டு மட்டுமே. மதியத்துக்கு முன்னரே இது கவனிக்கப்பட்டு, எவரும் எல்லை கடக்காமல் தடுக்கப்பட்டது. பாஸ் இரண்டையும் பிரித்தறிவது பற்றிக் குழந்தைகள் ஆர்வமாகக் கேட்டார்கள்: வாயை மூடியபின் மேல்தாடை கண்ணைத் தாண்டினால் பெரியவாய், தாண்டாவிட்டால் சிறியவாய். எண்ணிக்கை இரண்டுக்கும் பொதுவானது என்பதால் இந்த இடத்தில் மட்டும் பெயர் பிழைத்தாலும் குற்றமில்லை.

அடுத்து ஃப்ரீசர். கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு மௌனம் நிலவுவதை அவதானித்திருக்கிறேன். வேறு விதமாகக் குறிப்பிடப்படாத இனங்கள் அனைத்துக்கும், ஒருவர் தம் உடைமையில் வைத்திருக்கக்கூடிய மொத்த எண்ணிக்கை ஒரு நாளைக்குப் பிடிக்கக்கூடிய எண்ணிக்கையே. உடைமை என்பதில் கையிலிருப்பது, வாகனத்திலிருப்பது, வீட்டு ஃப்ரீசரில் உறைந்திருப்பது எல்லாம் அடங்கும். சிம்கோ ஏரியில் மஞ்சள் பேர்ச் முழு அனுமதிப்பத்திரத்துக்கு 50, குறைந்ததற்கு 25. சனிக்கிழமை ஐம்பதைக் கொண்டுவந்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஐம்பதுக்குப் போக முடியாது. உண்டு தீர்த்த அளவுக்கே மீண்டும் பிடித்துவரலாம். பிடித்த அன்றே அயலவருக்குக் கொடுத்ததும், ஏரிக்கரையில் பொரித்துத் தின்றதும் அன்றைய கணக்கில் சேரும். பிடித்த மீனை விற்பதும் பண்டமாற்றுச் செய்வதும் முற்றாகத் தடை என்பதை, எவரையும் சுட்டாமல், மீண்டும் நினைவூட்டுகிறேன்.

குவின்ரி குடாவிலிருந்து திரும்பும் வழியில் எமது வாகனமொன்று இயற்கைவளப் பாதுகாப்பு அலுவலரால் நிறுத்தப்பட்டது. மீன்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் குழம்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று கரையிலேயே செதில் களைந்து, தோலுரித்து, துண்டுகளாக வெட்டி ஒரே பைக்குள் போட்டிருந்தார்கள். கொண்டுசெல்லும் மீன் எத்தனை என்று எண்ணக்கூடியதாகவும், என்ன இனம் என்று அறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும். நீளக் கட்டுப்பாடுள்ள மீனாயின் அளக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். துண்டுகளைக் கொண்டு இவற்றுள் எதையும் காட்ட முடியவில்லை. அலுவலர் பொறுமையாக விளக்கி, எச்சரிக்கையுடன் விட்டார். நீளக் கட்டுப்பாடுள்ள மீனை இனி முழுதாகவே, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து வீட்டில் வெட்டுவது என்றும், ஏனையவற்றின் துண்டுகளில் அகலமான தோற்பகுதியை விட்டுவைப்பது என்றும் நிர்வாக சபை முடிவுசெய்தது. நீளத்தை வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, ஆகக்கூடிய நீளம் வரும்படி அளக்கவேண்டும்.

இவ்வாண்டின் மிகப் பயனுள்ள பயணம் தூண்டில் இல்லாமலே சென்றதாகும். செப்டெம்பரில் போர்ட் ஹோப் நகரின் கனரஸ்கா ஆற்றிலுள்ள கோர்பெற் அணைக்கட்டுக்குச் சென்று, முட்டையிட ஏறும் சல்மன்களைப் பார்த்தோம். நீரைவிட்டு எழும் சினூக் சல்மன்களின் வால் முழுவதும் புள்ளிகள் தெரிந்தன. கோஹோவுக்கு அவை வாலின் மேற்பாதியில் மட்டுமே இருக்கும். கையில் கிடைத்தால் வாயைத் திறந்து பார்க்கலாம்: சினூக்கின் பல் முரசு கறுப்பு, கோஹோவின் பல் முரசு வெளிறியது. இவை இரண்டும் பசிபிக் கடலோர மீன்கள். 1960களின் இறுதியிலிருந்து ஒன்ராறியோ ஏரியில் விடப்பட்டவை. ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சல்மன் 1898 ஆம் ஆண்டளவில் முற்றாக மறைந்துபோய், 2006 இல் தொடங்கிய மீள்குடியேற்றத் திட்டத்தின் மூலம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இடம்பெயர்ந்து வந்த எமக்கு "மீள்குடியேற்றம்" என்ற சொல் சற்று வேறாக ஒலித்தது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன். 20 ஆம் வலயத்தில் ட்ரவுட், சல்மன் இனங்கள் அனைத்துக்கும் சேர்த்து முழு அனுமதிப்பத்திரத்துக்கு மொத்தம் 5, குறைந்ததற்கு 2. அந்த மொத்தத்துக்குள் அத்திலாந்திக் சல்மன் ஒன்று மட்டும், குறைந்ததற்கு ஒன்றுமில்லை. இதைப் பிறவுண் ட்ரவுட்டிலிருந்து பிரிப்பதே யாவற்றிலும் கடினம். ட்ரவுட்டின் மேல்தாடை கண்ணைத் தாண்டி நீளும், செவுள்மூடியில் புள்ளிகள் நிறைந்திருக்கும், முதுகின் பின்பகுதியிலுள்ள சிறிய கொழுப்புத்துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும். ஐயமிருப்பின் விட்டுவிடுவதே எமது சங்கத்தின் நடைமுறை.

சனவரியில் திட்டமிட்ட சிம்கோ பனித்துளைப் பயணம், அவ்வாண்டு வெப்பமான குளிர்காலத்தில் பனிக்கட்டி போதிய தடிப்படையாததால் கைவிடப்பட்டது. முற்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

மீன்களை இனங்காண உதவுமாறு நாம் தமிழில் அச்சிட்ட அடையாளக் கையேடு பற்றி நிர்வாக சபையில் எழுந்த கருத்து வேறுபாட்டையும் மறைக்க விரும்பவில்லை. எண்ணிக்கைகளையும் சேர்த்து அச்சிடவேண்டும் என்று சிலர் வலியுறுத்தினர். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதோடு, ஆண்டின் இடையிலும் மாற்றப்படக்கூடியவை. பழைய எண்ணுடன் ஒரு தமிழ்த் தாள் பத்து வருடம் ஒருவரது தூண்டிற் பெட்டியில் கிடப்பது தாள் இல்லாதிருப்பதை விட ஆபத்தானது என்பது என் வாதம். இறுதியில் மீனின் படம், அடையாளங்கள், ஆங்கிலப் பெயரின் தமிழ் ஒலிப்பு, எம்மவர் வழங்கும் ஊர்ப்பெயர் ஆகியவை மட்டும் அச்சிடப்பட்டன. எண்ணிக்கைக்கான கட்டம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. ஒவ்வொருவரும் அவ்வாண்டுச் சுருக்கத்தைப் பார்த்துப் பென்சிலால் நிரப்பவேண்டும். இவ்வறிக்கையில் நான் கூறிய எண்கள் யாவும் 2024 க்குரியவை.

கையேட்டின் இரண்டாம் பதிப்பில் லேக் வைற்ஃபிஷ், சிஸ்கோ ஆகிய இரண்டையும் சேர்க்கவேண்டும் என்று வந்த கோரிக்கை புதிய நிர்வாக சபையின் தீர்மானத்துக்கு விடப்படுகிறது. முன்னதன் மூக்கு கீழ்த்தாடையின்மேல் தொங்கும், பின்னதன் கீழ்த்தாடை சமமாகவோ சற்று முன்னீண்டோ இருக்கும் என்பதைக் காட்ட நல்ல படம் கிடைக்காததே தாமதத்துக்குக் காரணம். படம் வரையத் தெரிந்த அங்கத்தவர்கள் முன்வருமாறு வேண்டுகிறேன். சங்கத்துக்குச் சொந்தமான அளவுப் பலகைகளில் மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமைக்கு முன் என்னிடம் ஒப்படைக்கவும்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்